கொழுப்பு ஏற்றினால் நிற்குமா, கரைந்துபோகுமா?

வாசகி ஒருவரின் கேள்வி, 9 ஜனவரி 2024

இடது மார்பகம் முழுவதும் எடுத்து, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து மூன்று வருடம் ஆகிறது. சிலிக்கான் வைத்திருக்கிறார்கள். மேல் பக்கம் தோல் மெலிந்து அதன் விளிம்பு அப்படியே தெரிகிறது. தொடையிலிருந்து கொழுப்பை உறிஞ்சி அங்கே ஊசியால் ஏற்றலாம், இரண்டு மூன்று தடவை வரவேண்டியிருக்கும் என்கிறார் பிளாஸ்டிக் சர்ஜன். தெரிந்தவர் ஒருவர், "ஆறு மாதத்தில் எல்லாம் கரைந்துவிடும், மயக்க மருந்து வாங்கியதுதான் மிச்சம்" என்கிறார். இன்னொருவர், கொழுப்பு ஏற்றினால் புற்று திரும்ப வரும் என்கிறார். செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பதில், 9 ஜனவரி 2024, இரவு

நானும் கொழுப்பு ஏற்றிக்கொண்டவள். எனக்கு முதல் தடவை நடந்து ஏழு வாரம் ஆகிறது. எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

வலது மார்பகத்தை 2019-இல் எடுத்தார்கள். அப்புறம் 25 நாள் கதிர்வீச்சு. 2021-இல் முதுகுத் தசையைத் தோலோடு முன்பக்கம் திருப்பிக் கொண்டுவந்து புது மார்பகம் அமைத்தார்கள். கீழ்ப்பாதி நன்றாகவே வந்தது. மேலே, காறை எலும்புக்குக் கீழே, ஒரு பள்ளம் மட்டும் நின்றுவிட்டது. குளிக்கும்போது அதில் தண்ணீர் தேங்கும். துவட்டும்போது துண்டின் நுனியை விட்டு ஒற்றி எடுக்கவேண்டும். மார்பகம் போனதற்கு அழுததைவிட அந்த ஒரு ஸ்பூன் தண்ணீருக்கு நான் அதிகம் அழுதிருக்கிறேன்.

அந்தப் பள்ளத்துக்காகத்தான் கொழுப்பு. 140 மில்லி ஏற்றினார்கள். கட்டுப் பிரித்த அன்று பள்ளம் இருந்த இடம் மேடாகவே இருந்தது. இப்போது ஏழு வாரத்தில் பாதி இறங்கிவிட்டது. ஆக உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னதில் பாதி உண்மை. மிச்சப் பாதி நிற்கும் என்று டாக்டர் சொல்கிறார். மனசு இன்னும் நம்பவில்லை.

10 ஜனவரி 2024

நேற்று எழுதிய கணக்கு தவறு. டிஸ்சார்ஜ் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். 140 என்பது தொடையிலிருந்து உறிஞ்சியது. ஏற்றியது 85 மில்லிதான்.

இடையில் 55 மில்லி எங்கே போனது என்று எனக்கே புரியாமல் டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். முதலில் தொடையில் உப்புநீரும், மரக்க வைக்கும் மருந்தும், ரத்தக் கசிவைக் குறைக்க அட்ரினலினும் கலந்து செலுத்துகிறார்கள். பிறகு மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சும்போது அந்த நீரும் கொஞ்சம் ரத்தமும் சேர்ந்தே வரும். சிரிஞ்சோடு சென்ட்ரிஃப்யூஜ் என்ற வேகமாகச் சுழலும் கருவியில் வைத்துச் சுற்றினால் மூன்றாகப் பிரிந்து நிற்குமாம். மேலே மஞ்சளாக எண்ணெய், உடைந்துபோன கொழுப்புச் செல்களிலிருந்து வந்தது. கீழே ரத்தம் கலந்த நீர். நடுவில் இருப்பதுதான் உயிருள்ள கொழுப்பு. மேலும் கீழும் களைந்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் ஏற்றுகிறார்கள். சில டாக்டர்கள் சுற்றாமல் வடிகட்டியோ கழுவியோ பிரிப்பதும் உண்டு.

ஆகவே உங்கள் டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வி "எவ்வளவு எடுப்பீர்கள்" அல்ல. "பிரித்த பிறகு எவ்வளவு ஏற்றுவீர்கள்" என்று கேளுங்கள்.

14 ஜனவரி 2024

"ஒரே தடவையில் நிறைய ஏற்றிவிட்டால் என்ன? எதற்கு மூன்று தடவை மயக்கம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே கேள்வியைக் கேட்டு, கொஞ்சம் கோபமாகவே கேட்டு, பதில் வாங்கினேன்.

எடுத்த கொழுப்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து மார்பில் வைத்துத் தைக்கிற டீப் ஃப்ளாப் போன்றதல்ல இது. ஏற்றிய முதல் சில நாட்களுக்கு அந்தக் கொழுப்பு சுற்றியிருக்கும் திசுவிலிருந்து கசிந்து வருகிற பிராணவாயுவை மட்டும் நம்பி உயிர் வாழவேண்டும். அதற்குள் பக்கத்திலிருந்து புது ரத்தக்குழாய்கள் வளர்ந்து வந்து சேரவேண்டும். ஜப்பானில் யோஷிமுரா குழுவினர் 2012-இல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஒரு கொழுப்புத் துணுக்கின் மேற்பரப்பை ஒட்டி மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வராத ஓர் அடுக்குதான் அப்படியே பிழைக்கிறது. அதற்கு உள்ளே ஓர் அடுக்கு செத்து, அங்கேயே இருக்கும் மூலச்செல்களால் (புதுச் செல்களை உண்டாக்கும் செல்கள்) திரும்ப முளைக்கிறது. நட்டநடுவில் இருப்பது பிழைப்பதில்லை.

நாற்று நடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நாற்றுக்கட்டைப் பிரித்து, இரண்டு மூன்று நாற்றாகக் கிள்ளி, இடம் விட்டு நட்டால் வேர் பிடிக்கும். கட்டோடு கொண்டுபோய் ஊன்றினால் ஓரத்தில் இருப்பது பிழைக்கும், நடுவில் இருப்பது அழுகும். டாக்டர் ஒரு மில்லி சிரிஞ்சை வைத்துக்கொண்டு, குழாயை உள்ளே விட்டு, வெளியே இழுத்துக்கொண்டே நூல்போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பை விட்டு வருகிறார். ஆழம் மாற்றி, திசை மாற்றி. 85 மில்லி ஏற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதாம். இந்தப் பொறுமைதான் இதில் பாதி வைத்தியம்.

உங்கள் மேல் பகுதியில் தோல் மெலிந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். நிலம் சிறியது, நாற்று நிறைய என்றால் என்ன செய்வது? கொஞ்சம் நட்டு, அது வேர் பிடித்து, நிலம் கொஞ்சம் தடித்த பிறகு அடுத்த முறை இன்னும் கொஞ்சம். தடவைகளுக்கு நடுவே குறைந்தது மூன்று மாதம் விடச் சொல்வது அதனால்தான்.

15 ஜனவரி 2024

புகை பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், நிறுத்தத்தான் வேண்டும். நிக்கோட்டின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கும், மேலே சொன்ன புது ரத்தக்குழாய் வளர்ச்சி தடைப்படும். டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

2 பிப்ரவரி 2024

"புற்று திரும்ப வருமா" என்ற கேள்வியை இத்தனை நாள் தொடாமல் விட்டதற்குக் காரணம், அது எனக்கும் பயம் என்பதுதான். இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்தப் பயம் வெறும் வதந்தி இல்லை. கொழுப்புத் திசுவில் மூலச்செல்கள் உண்டு, அவை வளர்ச்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் தட்டில் வைத்துப் பார்த்தபோது சில சோதனைகளில் புற்றுச் செல்களும் அவற்றால் ஊக்கம் பெற்றன. அதற்கு முன்பே இன்னொரு சந்தேகம் இருந்தது: இறந்த கொழுப்பு சுண்ணாம்புபோலப் படிந்து மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) புற்றுப்போலவே தெரிந்தால், உண்மையான புற்று தவறிப்போகாதா? அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்களின் சங்கம் 1987-இல் மார்பகத்தில் கொழுப்பு ஏற்றவே கூடாது என்று அறிக்கை விட்டது. இருபது வருடத்துக்கு மேல் பல டாக்டர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. 2007-இல் சிட்னி கோல்மன் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் தன் நோயாளிகளின் பல வருட விவரங்களை வெளியிட்டார். 2009-இல் அதே சங்கத்தின் குழு, சுண்ணாம்புப் படிவுகளைப் பெரும்பாலும் புற்றிலிருந்து பிரித்தறிய முடிகிறது என்று பார்த்து, தடையைத் தளர்த்தியது.

புற்று மீண்டும் வருவது பற்றி எனக்கு ஆறுதல் தந்தது 2016-இல் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்திலிருந்து வந்த ஆய்வு. கொழுப்பு ஏற்றிய 719 மார்பகங்களில் அதே இடத்திலோ பக்கத்திலோ புற்று திரும்பியது 1.3 சதவீதம். ஏற்றாமல் மறுசீரமைப்பு மட்டும் செய்த 670 மார்பகங்களில் 2.4 சதவீதம். கொழுப்பு ஏற்றியதால் குறைந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. கூடவில்லை என்று சொல்லலாம்.

என் புற்றுநோய் டாக்டர் இதைச் சொன்னபோது நான் கேட்ட ஒரே கேள்வி, "உங்கள் தங்கை என்றால் செய்யச் சொல்வீர்களா?" அவர் யோசித்துவிட்டு, "உங்கள் ரிப்போர்ட் கையில் இருந்தால், சொல்வேன்" என்றார். யோசித்துவிட்டுச் சொன்னதால் நம்பினேன்.

3 பிப்ரவரி 2024

நேற்று எழுதியதைக் காலையில் திரும்பப் படித்தேன். கொஞ்சம் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லிவிட்டேன் என்று தோன்றியது.

அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பழைய பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்தவை. சீட்டுக் குலுக்கி ஒருவருக்குச் செய்து, இன்னொருவருக்குச் செய்யாமல் வைத்துப் பார்த்தவை அல்ல. மிலானில் 2012-இல் வந்த ஓர் ஆய்வில், புற்று பால்குழாய்க்குள்ளேயே இருந்த ஆரம்பநிலைக்காரர்களிடம் மட்டும் மீள்வருகை கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. அந்தப் பிரிவில் இருந்தவர்களின் எண்ணிக்கை சிறியது. பிறகு வந்த பெரிய தொகுப்புகளில் அது உறுதிப்படவில்லை. ஆனாலும் அப்படி ஒன்று இருந்ததைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

இன்னொன்று, முழு மார்பகத்தையும் எடுத்தவர் நிலை வேறு. கட்டியை மட்டும் எடுத்து மீதி மார்பகத்தை விட்டுவைத்தவர் நிலை வேறு. அவருக்கு அங்கே இன்னும் பால்சுரப்பித் திசு இருக்கிறது, மேமோகிராம் வருடா வருடம் எடுக்கவேண்டும். கட்டியின் வகை, நிணநீர் முடிச்சு, எத்தனை வருடம் ஆயிற்று, ஹார்மோன் மாத்திரை ஓடுகிறதா, இதெல்லாம் பார்த்துத்தான் டாக்டர்கள் தேதி குறிக்கிறார்கள். என்னைக் காக்க வைத்தது எனக்கு அப்போது எரிச்சல். இப்போது நியாயமாகப் படுகிறது.

18 மார்ச் 2024

கட்டி தட்டுப்படுகிறது.

காலையில் சோப்புப் போடும்போது. கொழுப்பு ஏற்றிய இடத்தில்தான், மேல் ஓரத்தில். பட்டாணி அளவு, கெட்டியாக, தோலுக்குக் கீழே கொஞ்சம் நகர்கிறது. வலி இல்லை. வலி இல்லாததுதான் பயமாக இருக்கிறது. 2019-இலும் வலி இல்லை.

18 மார்ச் 2024, இரவு

வியாழக்கிழமை ஸ்கேன். டாக்டர் போனில், "நீங்கள் சொல்வதைக் கேட்டால் ஆயில் சிஸ்ட் போலத்தான் இருக்கிறது, ஆனால் பார்க்காமல் சொல்லமாட்டேன்" என்றார். அக்கா வந்து படுத்திருக்கிறாள். அவள் தூங்கிவிட்டாள். நான் விரலை அங்கே வைத்து வைத்து எடுக்கிறேன். அழுத்தி அழுத்தி அந்த இடமே சிவந்துவிட்டது.

21 மார்ச் 2024

ஆயில் சிஸ்ட்தான். எண்ணெய் நிறைந்த சின்னப் பை.

அல்ட்ராசவுண்ட் பார்த்த டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறத்துக்கு நடுவில் கறுப்பாக ஒரு வட்டம், ஓரம் மெல்லிய கோடுபோலச் சுத்தமாக இருந்தது. "நடுவில் செத்த கொழுப்பு எண்ணெயாகி, உடம்பு அதைச் சுற்றி ஒரு உறை கட்டிக்கொண்டிருக்கிறது" என்றார். ஜனவரியில் நான் நாற்றுக்கட்டின் நடுவில் அழுகுவதைப் பற்றி எழுதினேனே, அதுதான் இது. எனக்குத் தெரிந்த விஷயம். கையில் தட்டுப்பட்டபோது அந்தத் தெரிதல் எதுவும் உதவவில்லை.

ஊசி போட்டு எடுக்கவும் இல்லை. ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் பார்த்தால் போதும் என்றார்கள். இதே இடத்தில் கறுப்பு வட்டத்துக்குப் பதிலாகக் கட்டிபோல ஏதாவது தெரிந்தாலோ, ஓரம் கிழிந்தாற்போல் இருந்தாலோ பயாப்ஸி எடுப்பார்கள். எடுத்துத்தான் ஆகவேண்டும். "கொழுப்பு ஏற்றியதால்தான் இருக்கும்" என்று வீட்டில் இருந்தபடி நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

கேள்வி கேட்ட தோழிக்கு ஒரு வேண்டுகோள். செய்துகொள்வதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்: கட்டி தட்டுப்பட்டால் யாருக்குப் போன் செய்யவேண்டும், எத்தனை நாளில் ஸ்கேன் கிடைக்கும்? இந்த ஏற்பாடு எனக்கு இருந்ததால் மூன்று நாளில் முடிந்தது. என்னோடு சிகிச்சை எடுத்த ஒருவருக்கு, வேறொரு மருத்துவமனையில், யாருமே இப்படி வரலாம் என்று சொல்லவில்லை. அவர் ஐந்து வாரம் யாரிடமும் சொல்லாமல் பொட்டலம் கட்டி வைத்ததுபோல அந்தப் பயத்தை வைத்திருந்தார். அவருக்கும் கடைசியில் ஆயில் சிஸ்ட்தான். அந்த ஐந்து வாரத்தை யார் திருப்பித் தருவது?

27 ஏப்ரல் 2024

முதல் நாள் எழுதிய "பாதி கரைந்துவிட்டது" என்பதைத் திருத்தவேண்டும்.

கட்டுப் பிரித்த அன்று நான் பார்த்த மேட்டில் வீக்கமும் இருந்தது. செலுத்திய கொழுப்பு, நீர், ரத்தம் கட்டியது எல்லாம் சேர்ந்த உயரம் அது. ஏழு வாரத்தில் இறங்கியதில் பெரும்பங்கு வீக்கம். இப்போது ஐந்து மாதம் முடிந்துவிட்டது, கடந்த இரண்டு மாதமாக எந்த மாற்றமும் இல்லை. டாக்டர் கை வைத்துப் பார்த்து, போட்டோவோடு ஒப்பிட்டு, ஏற்றியதில் அறுபது சதவீதம் நின்றிருக்கும் என்றார். இதில் ஆளுக்கு ஆள் நிறைய வித்தியாசம் உண்டு. பாதிக்கும் கீழே நிற்பவர்களும் இருக்கிறார்கள், எழுபதைத் தாண்டுபவர்களும் இருக்கிறார்கள். கதிர்வீச்சு வாங்கிய இடத்தில் பொதுவாகக் குறைவாகத்தான் நிற்கும். பிரான்சில் லியோன் நகரத்து டாக்டர் எமானுவேல் டிலே, 1998-லிருந்து இதைச் செய்துவருபவர், 100 மில்லி வேண்டுமென்றால் 140 ஏற்று என்று கணக்கு வைத்திருக்கிறார். குறையும் என்பதை முதலிலேயே சேர்த்துப் போட்ட கணக்கு.

ஆகவே, "ஆறு மாதத்தில் எல்லாம் கரைந்துவிடும்" என்று சொன்னவருக்குப் பதில்: கரைவதெல்லாம் முதல் மூன்று நான்கு மாதத்தில் கரைந்துவிடுகிறது. அதற்கு மேல் இருப்பது உங்களுடையது.

பள்ளத்தில் இப்போதும் தண்ணீர் நிற்கிறது. கொஞ்சமாக.

11 ஜூன் 2024

இரண்டாவது தடவை முடிந்து எட்டு நாள். இந்த முறை 110 மில்லி ஏற்றினார்கள். மேலே தோல் கொஞ்சம் தடித்திருந்ததால் அதிகம் ஏற்ற முடிந்ததாம்.

மார்பில் வலி ஒன்றும் இல்லை. தொடைதான் பாடாய்ப் படுத்துகிறது. இதை யாருமே அழுத்திச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். உட்கார்ந்து எழுந்தால் ஓடி ஓடிக் களைத்ததுபோல ஒரு வலி. முதலில் நாவல்பழ நிறம், அப்புறம் பச்சை, இப்போது மஞ்சள். தொட்டால் சில இடத்தில் மரத்திருக்கிறது, சில இடத்தில் எரிகிறது. இறுக்கமான உடையை நான்கிலிருந்து ஆறு வாரம் போட்டிருக்கவேண்டும்.

அந்த உடை விஷயத்தில் போன முறை ஒரு தவறு நடந்தது. மருத்துவமனையில் கொடுத்தது ஓர் அளவு சிறியது. அதன் மேல்விளிம்பு சுருண்டு தொடையில் கயிறுபோல அழுத்தியது. "இறுக்கமாக இருந்தால்தான் நல்லது" என்று சொன்னார்கள், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டேன். அந்த இடத்தில் இன்றும் ஒரு வரிப் பள்ளம் இருக்கிறது. மார்பில் ஒரு பள்ளத்தைத் தூர்க்கப் போய்த் தொடையில் ஒன்று வாங்கினேன் என்று அன்று மிகவும் வருத்தப்பட்டேன். இந்த முறை அளவு நாடா கொண்டுபோய், தொடையைச் சுற்றி அளந்து, சரியான அளவு வரும்வரை எழுந்திருக்கவில்லை. விளிம்பு சுருளாமல் தட்டையாக இருக்கவேண்டும். இரண்டு விரல் உள்ளே போகவேண்டும்.

அக்கா கட்டு மாற்றும்போது, "தொடை கொடுத்தது, நெஞ்சு வாங்கிக்கொண்டது, இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே" என்றாள். சிரித்ததில் தொடை வலித்தது. பரவாயில்லை, நிறைய நாள் கழித்து அப்படிச் சிரித்தோம்.

12 ஜூன் 2024

"கொழுப்பை மட்டும் வைத்தே முழு மார்பகமும் செய்ய முடியாதா, சிலிக்கானும் வேண்டாம், தசையும் வேண்டாம்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும். நெதர்லாந்தில் அப்படிச் செய்தவர்களையும் சிலிக்கான் வைத்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2023-இல் வெளியானது. சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்தது. ஒரு வருடம் கழித்துத் தங்கள் மார்பகம் பற்றிய திருப்தி கொழுப்பு ஏற்றியவர்களிடம் கூடுதலாக இருந்தது. ஆனால் அதற்குப் பல தடவை மயக்கம் வாங்கவேண்டும். நெஞ்சின் மேல் கிண்ணம்போல ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, அது தோலை உறிஞ்சி இடம் உண்டாக்கும்வரை தினமும் மணிக்கணக்கில் இருக்கவேண்டும். உடம்பில் எடுக்கிற அளவுக்குக் கொழுப்பும் வேண்டும். மெலிந்தவர்களுக்கு அங்கேயே கதவு அடைந்துவிடுகிறது.

8 செப்டம்பர் 2024

ஆகஸ்டில் காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்தேன். நான்கு கிலோ இறங்கிவிட்டது. வலது மார்பின் மேல்பகுதியும் லேசாக இறங்கிவிட்டது. பயந்துபோய் டாக்டரிடம் போனால், அவர் கேட்ட முதல் கேள்வி, "எடை எவ்வளவு?"

ஏற்றிய கொழுப்பு உயிருள்ள கொழுப்பு. உடம்பு இளைத்தால் அதுவும் இளைக்கும், பெருத்தால் பெருக்கும். தொடையிலிருந்து வந்தது தொடையின் குணத்தோடுதான் இருக்கும் என்றார். சிலிக்கான் இப்படிச் செய்யாது. உங்கள் எடை ஏறி இறங்கும் காலத்தில் (டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை தொடங்கும்போது சிலருக்கு ஏறுகிறது) தேதி குறிக்காமல், ஒரு நிலைக்கு வந்த பிறகு செய்துகொள்வது நல்லது. இப்போது எனக்கு இரண்டு கிலோ திரும்ப ஏறிவிட்டது. அங்கேயும் நிறைந்து வருகிறது.

ஆறு மாத ஸ்கேனும் பார்த்தாயிற்று. அந்தப் பட்டாணி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, ஓரத்தில் சுண்ணாம்பு படியத் தொடங்கியிருக்கிறது. வட்டமாக, முட்டை ஓடுபோலப் படிந்தால் கவலை இல்லையாம். பொடிப்பொடியாக, ஒழுங்கில்லாமல் கொத்தாகத் தெரிந்தால்தான் கவனமாகப் பார்ப்பார்கள்.

20 அக்டோபர் 2024

இத்தனை நாள் மில்லிக் கணக்கே எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு உண்மையில் கிடைத்தது வேறு. அதை இப்போதுதான் சொல்லத் தெரிகிறது.

கதிர்வீச்சு வாங்கியவர்களுக்குத் தெரியும், அந்தத் தோல் நம் தோல்போலவே இருக்காது. விலா எலும்போடு ஒட்டிப்போய், பலகைபோல, தொட்டால் குளிர்ந்து. கையை மேலே தூக்கினால் அக்குளிலிருந்து ஒரு நரம்பைக் கட்டி இழுப்பதுபோல இருக்கும். அந்த இடத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்க முடியாது. ஐந்து வருடம் நான் அப்படித்தான் இருந்தேன்.

போன வாரம் குளித்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவும்போது விரல் தானாக மடங்கி அந்தத் தோலைப் பிடித்தது. மடிந்தது. ஒரு மெல்லிய மடிப்பு, கையில் பிடிக்கிற அளவு. நின்ற இடத்திலேயே திரும்பத் திரும்பக் கிள்ளிப் பார்த்தேன். அப்புறம் கையைத் தூக்கினேன். அலமாரியின் மேல்தட்டு எட்டியது, இழுக்கவில்லை.

இத்தாலியில் வெரோனா நகரத்து டாக்டர் ரிகொட்டியும் அவர் குழுவும் 2007-இல் எழுதியது இதைப் பற்றித்தான். கதிர்வீச்சால் புண்ணாகி, ஆறாமல், இறுகிப்போன இடங்களுக்கு 20 பெண்களுக்கு அவரவர் கொழுப்பையே ஏற்றினார்கள். பெரும்பாலானவர்களுக்குத் திசு இளகியது, புது ரத்தக்குழாய்கள் வந்தன. கதிர்வீச்சு நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுத்துவிடுகிறது. ஏற்றிய கொழுப்பிலுள்ள மூலச்செல்கள் அங்கே திரும்பக் குழாய் வளர உதவுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். ஏற்றிய கொழுப்பில் பாதி போனாலும், நின்ற பாதி அந்த நிலத்தையே மாற்றிவிட்டுத்தான் நிற்கிறது.

தோழி, உங்களுக்கும் கதிர்வீச்சு ஆகியிருக்கிறது. சிலிக்கானின் விளிம்பு மறைகிறதா என்று மட்டும் பார்த்து இதை எடைபோடாதீர்கள். தோல் எப்படி இருக்கிறது என்று முன்பே கிள்ளிப் பார்த்து எழுதி வையுங்கள். போட்டோவில் அது வராது.

உணர்ச்சி திரும்பியதா என்று கேட்பீர்கள். எனக்கு ஓரங்களில் கொஞ்சம். நடுவில் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது.

3 நவம்பர் 2024

இந்த வைத்தியம் புதுசு என்று நினைத்திருந்தேன். ஜெர்மனியில் வின்சென்ஸ் செர்னி என்ற சர்ஜன் 1895-இலேயே ஒரு பெண்ணின் மார்பகத்திலிருந்து கட்டியை எடுத்துவிட்டு, அவள் உடலின் வேறு இடத்தில் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து அந்தப் பள்ளத்தை நிரப்பியிருக்கிறார். லைப்போசக்‌ஷன் என்ற, குழாயால் கொழுப்பை உறிஞ்சும் முறை வருவதற்கு எண்பது வருடம் முன்பு. ஊசி இல்லை, கட்டோடு ஊன்றியதுதான். அந்தப் பெண் யாரோ. குணமான பிறகு அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்திருப்பாள் இல்லையா? இரண்டு நாளாக அவளை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

19 ஜனவரி 2025

கேள்வி கேட்ட தோழி டிசம்பரில் முதல் தடவை செய்துகொண்டுவிட்டார்! ஐந்தாவது வாரம், "இறங்கிக்கொண்டே போகிறது, அழுகையாக வருகிறது" என்று எழுதியிருக்கிறார்.

அது வீக்கம். நானும் இதே ஐந்தாவது, ஏழாவது வாரத்தில்தான் "பாதி போய்விட்டது" என்று மேலே எழுதினேன். முதல் வாரம் எடுத்த போட்டோவை இப்போது எடுத்துப் பார்க்காதீர்கள். செய்வதற்கு முன்பு எடுத்ததைப் பாருங்கள், மூன்று மாதம் முடிந்த பிறகு எடுக்கப்போவதோடு ஒப்பிடுங்கள். ஏற்றிய இடத்தை அழுத்தும் பிரா போடாதீர்கள், அந்தப் பக்கம் சாய்ந்து படுக்காதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள் என்று எனக்குச் சொன்னார்கள். உங்கள் டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு மூன்றாவது தடவை வேண்டுமா என்று டாக்டர் கேட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லை, கண்ணாடியில் தெரிகிறது. ஆனால் கை தூக்க முடிகிறது, குளித்தால் தண்ணீர் வழிந்து போகிறது. தொடையையும் கொஞ்ச நாள் சும்மா விடலாம்.

உங்கள் ஆறு மாத ஸ்கேனுக்குப் போகும்போது, கொழுப்பு ஏற்றிய தேதி, எத்தனை மில்லி, எந்த இடம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஸ்கேன் பார்ப்பவருக்கு உங்கள் பழைய பேப்பர் எதுவும் தெரியாது.